அப்பா எந்தக் கையால் அடித்தார்

பழங்காநத்தம், மதுரை.
ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள தங்கை கனகலட்சுமிக்கு,

அண்ணன் சிவக்குமார் எழுதுவது. இங்கு அப்பாவும் உன் மதினி முத்துச்செல்வியும் நானும் இருக்கிறோம். நலமாக இருக்கிறோமா என்பதை இதை முழுதும் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வர்ஷினியும் நலம் என்று நம்புகிறேன்.

நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் மாப்பிள்ளை முதலில் கேட்டுவிட்டு, உனக்கு எவ்வளவு தெரிந்தால் போதும் என்று அவர் நினைக்கிறாரோ அவ்வளவு மட்டும் சொல்வார். அதனால்தான் கூரியரில் அனுப்புகிறேன். இதை உன் கையில் மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அழைத்துப் போக கோயம்புத்தூர் முதியோர் இல்லத்திலிருந்து வண்டி வருகிறது. அதற்குள் நீ இதைப் படித்தாக வேண்டும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன்மேல் எனக்கு இருக்கும் வருத்தம் எதுவும் தீரவில்லை. வர்ஷினி சடங்குக்கு வைத்த ஃபிளெக்ஸில் தாய்மாமன் என் படம் தபால்தலை அளவுக்கு இருந்தது. உங்கள் வார்டுப் பிரமுகர் கைகூப்பியபடி ஆளுயரத்துக்கு நின்றார். சீர்த் தட்டைத் தூக்கி வந்தவன் நான், வரவேற்பு அவருக்கு. அதை மறக்கவில்லை, மறக்கும் உத்தேசமும் இல்லை. ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை.

போன மாதம் மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். வயதானவர்களுக்கு வரும் வலியை எப்படிக் கவனிப்பது என்பது பொருள். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில், ஞாயிறுதோறும். போகும் எண்ணமே எனக்கு இல்லை. எம்.ஃபார்ம் முடித்து, ஆராய்ச்சியில் பாதிவரை போனவன் நான். மீதிப் பாதியைக் கெடுத்த பேராசிரிய மகானின் பெயரை எழுதி இந்தத் தாளை அசுத்தம் செய்ய விரும்பவில்லை. போகாவிட்டால் சங்கத்தில் முகம் சுளிப்பார்கள் என்று கடைத்தெரு ஹரிநாராயணன் இழுத்துக்கொண்டு போனார். பஸ் அந்தப் பல்கலைக்கழக வாசலைக் கடந்தபோது நான் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாடம் நடத்தியவள் ஸ்ரீஜா என்ற பெண். நான் ஆராய்ச்சி செய்த காலத்தில் அவள் பள்ளிக்கூடம் போயிருப்பாள். எடுத்த எடுப்பில் எங்களைப் பார்த்துக் கேட்டாள்: "முட்டி வலின்னு வயசானவங்க யாராச்சும் உங்க கடைக்கு வந்தா, முதல்ல என்ன கேப்பீங்க?"

ஹரிநாராயணன் எழுந்து, "எத்தனை செட்டு வேணும்னு கேப்போம் மேடம்" என்றார்.

கூடம் முழுக்கச் சிரிப்பு. உனக்கும் அந்த செட்டைத் தெரியும். வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, வயிறு எரியாமலிருக்க ஒன்று என்று உதிரியாகக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பது. அந்தப் பெண்ணும் சிரித்தாள். பிறகு, "அந்த செட்ட வாங்கிட்டுப் போறவங்களுக்கு பிரஷர் இருக்கா, கிட்னி எப்பிடி இருக்கு, வேற என்ன மாத்திரை ஓடுதுன்னு யாராவது கேட்டிருக்கீங்களாண்ணே?" என்றாள். சிரித்தவர்கள் விசிறியைப் பார்த்தார்கள். நான் கேட்பவன்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கூட்டத்துக்கு எரியும் என்று விட்டுவிட்டேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வலியை வாயால் சொல்ல முடியாதவர்களைப் பற்றிப் பேச்சு வந்தது. அவளைக் கொஞ்சம் மடக்கிப் பார்க்கலாம் என்று தோன்றியது. "பேச்சே வராத ஒரு ஆளு, சொந்த மகளையே கன்னத்துல அடிக்கிறாரு. அது வலியா, திமிரான்னு எப்பிடிம்மா கண்டுபிடிப்ப?" என்று கேட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "யார அடிக்கிறாருன்னு பாக்காதீங்க சார். என்ன செய்யும்போது அடிக்கிறாருன்னு பாருங்க" என்றாள். பிறகு, எதையோ விட்டுவிட்டவள்போல, "எந்தக் கையால அடிச்சாரு?" என்று கேட்டாள்.

"இடது கை."

"இடது கைப் பழக்கமா?"

இல்லை என்றேன். "அப்ப வலது கைக்கு என்ன சார்?"

கூடத்தில் அத்தனை பேருக்கு நடுவே, வீட்டில் இருக்கும் ஆளின் வலது கைக்கு என்ன என்று எனக்குத் தெரியவில்லை.

கனகு, வைகாசியில் அவனியாபுரம் கல்யாண மண்டபத்தில் நடந்ததை நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. நீ திருப்பூரிலிருந்து ஆசையாகத் தைத்துக் கொண்டுவந்த முழுக்கைச் சட்டையை அப்பாவுக்கு மாட்டிக்கொண்டிருந்தாய். அவர் அடித்ததில் உன் உதடு கிழிந்தது. சுற்றியிருந்த பொம்பளைகள், "பெத்த மகள பீச்சாங்கையால அடிச்சிட்டாரே, அம்புட்டு வெறுப்பா" என்றார்கள். அடியைவிட அந்தப் பேச்சுதான் உன்னைத் தைத்தது. பஸ் டிரைவராக இருந்த காலத்தில் டீக்கடைச் சில்லறையைக்கூட இடது கையில் வாங்காத மனிதர். அவர் இடது கையை ஓங்கினால் வேறென்ன அர்த்தம் என்று எல்லோரும் நினைத்தோம். "இனி அந்தாளு மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்று நீ சாப்பிடாமல் கிளம்பினாய். மாப்பிள்ளை இல்லம் பார்த்துப் பேசி முடித்தார். நானும் சரி என்றேன்.

பயிற்சியிலிருந்து திரும்பி வந்ததும், அந்தப் பெண் சொன்னது தப்பு என்று நிரூபிக்கத்தான் அப்பாவைக் கவனிக்க ஆரம்பித்தேன். கவனிக்கக் கவனிக்க எனக்கே ஆர்வமாகிவிட்டது. இவ்வளவு நாள் ஒரே வீட்டில் இருந்தும் நான் அவரைப் பார்த்ததே இல்லை போலிருந்தது. தட்டில் சோறு வைத்தால் தானே சாப்பிடுகிறார். சின்னான் வந்து முகம் மழித்தால் தாடையை வாகாகத் திருப்பிக் கொடுக்கிறார். வேட்டி மாற்றினால் அசையாமல் நிற்கிறார். வெளியாள் முன்னால் அடிக்கிறாரா என்று பார்க்க, பக்கத்து வீட்டுக்காரரை வேண்டுமென்றே கூப்பிட்டு வந்து எதிரில் உட்கார வைத்தேன். ஒன்றும் இல்லை. டிவியைச் சத்தமாக வைத்தேன். முத்துச்செல்வி, "என்னங்க, பெரிய மனுசர வச்சு பரிச்ச நடத்துறீங்களா?" என்று கேட்டாள். கொஞ்சம் அப்படித்தான்.

வலது கை தட்டுக்கும் வாய்க்கும் போகிறது, மெதுவாக. அதனால்தான் எங்களுக்குச் சந்தேகம் வரவில்லை. ஆனால் கைத்தடி தேவைப்பட்டால் இடது கைதான் நீள்கிறது. ஈயை ஓட்டுவதும் இடது கையால்தான். தூங்கும்போது வலப்பக்கம் புரள்வதே இல்லை.

பிறகு ஒரு சட்டையை எடுத்து வந்தேன். சட்டையைப் பார்த்ததுமே அவருக்கு மூச்சு மாறியது. இடது கையை நுழைத்தேன், சும்மா இருந்தார். மீதிச் சட்டையை முதுகுப் பக்கம் கொண்டுவந்து, வலது கையைப் பின்னால் இழுத்தேன். நெற்றி சுருங்கியது. பல்லைக் கடித்தார். அடுத்த நொடி என் கண்ணாடி பறந்துபோய் பீரோவுக்கு அடியில் விழுந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் விசித்திரம்.

கண்ணாடியைத் தேடிக் குனிந்தபோதுதான் பொறி தட்டியது. வீட்டில் அப்பா சட்டை போடுவதே கிடையாது. நம் ஊர் வெயிலுக்கு இடுப்பில் வேட்டி, தோளில் துண்டு, அவ்வளவுதான். சட்டை மாட்டுவது எப்போது? யாராவது சொந்தக்காரர் வரும்போது. கல்யாணம், காது குத்துக்குக் கிளம்பும்போது. பென்ஷனுக்கு உயிரோடு இருப்பதைக் காட்டப் போகும்போது. சித்திரையில் உசிலம்பட்டிச் சித்தப்பா வந்த அன்று முத்துச்செல்வியைத் தள்ளிவிட்டாரே, அன்றும் அவள் சட்டைதான் மாட்டிக்கொண்டிருந்தாள். ஆள் வரும்போதெல்லாம் அடிக்கிறார், நம்மை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துகிறார் என்று நாம் பேசிக்கொண்டோம். நாலு பேருக்காக நாம்தான் ஒவ்வொரு முறையும் அவர் கையை முறுக்கியிருக்கிறோம்.

எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போனேன். பக்கவாதம் வந்து பேச்சுப் போனபோதே வலது தோளும் பலவீனமாகியிருக்கிறது. அசைக்காமல் விட்டதில் மூட்டு இறுகிவிட்டது என்றார். "கையைத் தூக்குனா உயிர் போற வலி இருக்குமே, யாரும் பாக்கலையா?" என்று என்னைத்தான் கேட்டார். என் படிப்பை அவரிடம் சொல்லவில்லை.

என் கடை அலமாரியில் இருக்கும் பலமான வலி மாத்திரையை எடுக்கத்தான் முதலில் கை போயிற்று. அப்பாவுக்கு இருக்கும் பிரஷருக்கும் சிறுநீரகத்துக்கும் அது ஆகாது. டாக்டர் சொன்னபடி சாதாரண பாரசிட்டமால்தான், அளவாக, வேளை தவறாமல். பேச முடியாதவர் வலிக்கிறது என்று கேட்டு வாங்க மாட்டார். அதனால் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது என்று பயிற்சியிலும் சொன்னார்கள். ஒரு பெண் வந்து தோளுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுப் போகிறாள். கல்யாண வீட்டுச் சண்டைக்குப் பிறகு, ஆள் கோபக்காரர் என்று நான் சொன்னதை நம்பி இன்னொரு டாக்டர் தூக்க மாத்திரை கொடுத்திருந்தார். அதையும் அந்த டாக்டரிடமே கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருகிறோம். வாயோரம் எச்சில் ஒழுகப் பகலெல்லாம் கிடந்தவர், இப்போது வாசலில் போகிற ஷேர் ஆட்டோவைத் தலை திருப்பிப் பார்க்கிறார். டிரைவர்கள் ஓட்டுவது பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிகிறது.

சட்டை விஷயத்தில் நாம் செய்த தப்பு சின்னது. வலிக்கிற கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். அவ்வளவுதான். அப்படி மாட்டியபோது மூச்சு கொஞ்சம் வேகமானது, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அடிக்கவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். முந்தாநாள் முத்துச்செல்வி அவசரமாகத் துண்டால் கக்கத்தைத் துடைக்கப் போய் ஒன்று வாங்கிக்கொண்டாள். "பரவாயில்ல, நான்தான் வேகமா இழுத்துட்டேன்" என்று சொன்னாள். அப்படி ஒருவர் சொன்னது இந்த வீட்டில் அதுதான் முதல் தடவை.

இல்லத்துக்கு நேற்று போன் செய்தேன். இவ்வளவையும் விளக்கினேன். மேலாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அடிக்கிற ஆள்தானே சார்? கவலைப்படாதீங்க, நம்மகிட்ட வந்தா ஒரே வாரத்துல அமைதியாயிருவாரு" என்றார். எந்த மாத்திரையால் அமைதியாவார் என்பது எனக்குத் தெரியும், கனகு. அதை விற்பவன் நான். அங்கே அவருக்குச் சட்டை மாட்டுகிறவருக்கு எந்தத் தோள் என்று தெரியாது. அப்பா அதைச் சொல்லவும் முடியாது. ஒரே வழிதான் அவருக்கு இருக்கிறது, அதையும் மாத்திரை கொடுத்து எடுத்துவிடுவார்கள்.

அவரை இல்லத்தில் சேர்க்கக் கையெழுத்துப் போட்டது நீயும் நானும். நான் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உன்னிடமிருந்தும் வர வேண்டும் என்கிறார்கள். அப்பாவைப் பார்த்துக்கொள்வதற்காக உன்னிடம் நான் எதுவும் கேட்கப்போவதில்லை. கேட்டால் மாப்பிள்ளை என்ன சொல்வார் என்பதும் எனக்குத் தெரியும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் சொல்வதை நம்பி எழுதிக் கொடுக்க வேண்டாம். நான் சொன்னதை நீ எப்போது நம்பியிருக்கிறாய்? ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒருநாள் வா. விசேஷம் எதுவும் இல்லை, சொந்தக்காரர் யாரும் இருக்க மாட்டார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நீயே உன் கையால் அந்தத் தோளை மெதுவாகத் தொட்டுப் பார். உன்னை வெறுக்கிற மனிதரா என்று அதற்குப் பிறகு நீ முடிவு செய். வண்டி வரட்டுமா, வேண்டாமா என்பதையும் நீயே சொல். அதற்குப் பிறகு நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

மாப்பிள்ளையையும் கூட்டி வா. இருவரும் இரவு தங்கும்படி வாருங்கள். மாடி அறையைக் கழுவி, மெத்தைக்கு வெயில் காட்டி வைத்திருக்கிறாள் உன் மதினி. செய்யச் சொன்னது நான் என்று அவளே உன்னிடம் சொல்லிவிடுவாள், அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

பஸ் ஏறியதும் ஒரு வார்த்தை சொல். பழங்காநத்தம் நிறுத்தத்தில் வந்து நிற்கிறேன்.

நீயும் உன் குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைக்கும்,
உன் அண்ணன்
சிவக்குமார்