காருக்கு லாண்ட்மாஸ்டர் எஞ்சின்

ஞாயிறு, இரவு.

யோகன் கடைசியில் என் சொல்லுக்குத்தான் வருவான் என்று எனக்கு அப்போதே தெரியும். என் மனைவியின் தம்பி அவன். தகப்பன் விட்டுப்போன இரண்டு சீற் ஸ்போர்ட்ஸ் காருக்கு எஞ்சின் செத்துப்போய்விட்டது. அரியாலைக் கராஜில் மெக்கானிக், ஆட்கள் ஏற்றுகிற வான் ஒன்றின் எஞ்சினைப் போடலாம் என்றான். நான், உழவுக்கு ஓடுகிற இரண்டு சில்லு மெஷினான லாண்ட்மாஸ்டரின் எஞ்சின்தான் என்று அடித்துச் சொன்னேன்.

"அண்ணை, உது காரை உதறியே உடைச்சுப்போடும்," என்று மெக்கானிக் சிரித்தான்.

"சண்டை நேரம் பெற்றோல் வராத பொருளாதாரத் தடைக்குள்ளை இதே எஞ்சினைக் காருக்குப் பூட்டி, மண்ணெண்ணெயிலை கீரிமலை வரைக்கும் ஓடினவன் நான். நீ அப்ப பிறக்கவேயில்லை!"

யோகன் என் முகத்தையே பார்த்தான். "அத்தான் ஓடிக் காட்டினவர். சட்டத்தை வெட்டி அதையே பூட்டுங்கோ," என்றான்.

நாளை காலை ஏழு மணிக்குக் காரின் முன்பக்கச் சட்டத்தை வெட்டுகிறார்கள். வெட்டினால் பிறகு அந்தக் காரில் வேறு எஞ்சின் ஏறாது. தகப்பனின் நினைவுக்கென்று அவனிடம் இருப்பது அது ஒன்றுதான்.

நித்திரை வரவில்லை. விடிந்ததும் அவனுக்குப் போன் எடுக்க வேண்டும். எடுத்து என்ன சொல்வது?

ஆடி அமாவாசைக்குக் கீரிமலை போனது உண்மை. மண்ணெண்ணெய் உண்மை. லாண்ட்மாஸ்டர் எஞ்சினும் உண்மை. ஆனால் அது லாண்ட்மாஸ்டரில்தான் இருந்தது, நான் அது இழுத்த பின்பெட்டியில் இருந்தேன். கார் மட்டும் நான் சேர்த்தது.