ஏரியில் அலை

நவம்பர் 19, புதன்.

காலையிலேயே முருகேசன் அண்ணன் போனில் கத்தினார். வேடந்தாங்கலில் விடுதி வைத்திருப்பவர். “இன்னாம்மா, எங்க ஏரி எப்போ கடலாச்சு? பறவை பாக்க வர்றவங்க பயந்துகினு கீறாங்க!”

விடுதிக்காக நாங்கள் செய்து கொடுத்த செயலியைத் திறந்தேன். ‘மழை. அலை அதிகம். வர வேண்டாம்.’ மாமல்லபுரம் படகுச் சவாரி செயலிக்காக நான் எழுதிய வரி. இரண்டு செயலிக்கும் ஒரே நிரல் போதும் என்று அதைப் பொதுப் பகுதியில் போட்டவளும் நான்தான். மழை பெய்தால்தான் ஏரி நிரம்பும், பறவை சேரும். அண்ணனுக்கு அதுதான் சீசன்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கூட வேலை செய்யும் நஸ்ரின் விழுந்து விழுந்து சிரித்தாள். “மழை வருதான்னு பாக்குறது பொது. வந்தா இன்னா சொல்றதுன்றது அவங்கவங்க ஊரு பாடு. அத்த மட்டும் பிரிச்சி வையி.”

சாயங்காலத்துக்குள் பிரித்துவிட்டோம். அண்ணன் அப்புறம் கூப்பிடவில்லை. கோபம் தீர்ந்ததா, தெரியவில்லை.

இப்போது செங்கல்பட்டு மாவட்டம் முழுக்க நல்ல மழை. இரண்டு செயலியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மாமல்லபுரம் ‘அலை அதிகம், வர வேண்டாம்’ என்கிறது. வேடந்தாங்கல் ‘ஏரி நிரம்புகிறது, வாங்க’ என்கிறது.