பத்து மணிப் பிறந்தநாள்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். அங்கே நீயும் மருமகளும் சுண்டுப்பயலும் சளி, காய்ச்சல் எதுவும் அண்டாமல் நன்றாக இருக்க வேண்டும். போனை வைத்துக்கொண்டு எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நான் அழுதுவிடுவேன், நீயும் பாதியிலேயே விடும்மா என்பாய். இது விடுகிற விஷயம் இல்லை. அப்பாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை, ஆனாலும் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்கிறேன் பேர்வழி என்று மாடிப்படி ஏறுவதை விடவில்லை, நீ ஒரு வார்த்தை சொல்லி வை, நான் சொன்னால் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

சுண்டுவின் பிறந்தநாளுக்கு நம் தெருக்கோடியில் இருக்கும் அநாதை இல்லத்துப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டோமே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெரும்பாலும் மத்தியானம் பள்ளி விட்டதும்தான் போடுவார்கள். பேரன் வீடியோவில் பார்க்க வேண்டும், அந்நேரம் அங்கே நடுராத்திரி, அவன் தூங்கிவிடுவான் என்று நீ சொன்னாய், நான் போய்க் காலை பத்து மணிக்கு வைக்கச் சொன்னேன். வார்டன் அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. பிள்ளைகளும் வரிசையாக நின்று பாட்டுப் பாடிக் கைதட்டினார்கள், பசிக்காத நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. பள்ளி நாளாயிற்றே, இத்தனை பிள்ளைகளும் பத்து மணிக்கு எப்படி இங்கே நிற்கிறார்கள் என்று ஒரு நிமிஷம்கூட எனக்குத் தோன்றவில்லையே! உனக்கும் தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பாத்திரங்களை எடுத்துவரப் போனேன். அங்கே ஒரு பெண் இருக்கிறாள், அப்பா அம்மா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், சித்தி கொண்டுவந்து விட்டுப் போனாளாம். ஓயாமல் பேசுவதால் எல்லாரும் பட்டாசு என்றே கூப்பிடுவார்கள். அன்றைக்கு நமுத்துப்போய் உட்கார்ந்து தரையில் சாக்பீஸால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னடி வீட்டுப்பாடமா என்றேன். இல்லை, பரீட்சையில் பாதியில் விட்ட கணக்கு என்றாள். ஏன் விட்டாய் என்றால், பொறந்தநாளுக்குக் கூப்பிட்டாங்களே என்கிறாள்! குறையாகச் சொல்லவில்லை, மழை வந்துச்சு, நனைஞ்சேன் என்கிற மாதிரி சொன்னாள். குண்டானை அங்கேயே வைத்துவிட்டு நேரே வார்டனிடம் போனேன்.

சாதாரணப் பரீட்சை இல்லையடா அது. நம் தெருப் பிள்ளைகளும் இல்லத்துப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து எழுதுவது, தேறினால்தான் பெரிய பள்ளியில் இடம். அதிலிருந்து இந்தப் பிள்ளைகளை மட்டும் எழுப்பிக் கூட்டி வந்திருக்கிறார்கள். வார்டனைக் கேட்டால், தலை குறைஞ்சா குடுக்கிறவங்க முகம் சுருங்கிடுதும்மா, அப்புறம் வர்றதில்லை என்கிறாள். தலைமையாசிரியையைக் கேட்டால், இல்லத்திலிருந்து ஆள் வந்தால் அனுப்புவது எப்பவும் வழக்கம்தானே என்றார். வழக்கமாம்! ஒருத்தருக்கும் நெஞ்சு உறுத்தவில்லை. சோறு போடுகிறேன் என்று போய்ப் பிள்ளையின் படிப்பில் மண்ணைப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

மறுபடி எழுத விடுங்கள் என்று கேட்டேன். பள்ளியில் பெற்றோர்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள், நானும் போனேன். அங்கே வாயைத் திறந்தது யார் தெரியுமா, பேத்திக்காக வந்திருந்த உன் அத்தை. அதுங்களுக்குச் சோறு போடறோம், துணிமணி தர்றோம், இப்போ நம்ம பிள்ளைங்க இடத்திலயும் பங்கு கேக்குதுங்களா என்றாள். நாலு பேர் தலையாட்டினார்கள். என் வாய்க்குத் தெருவே பயப்படும், உனக்குத் தெரியும், அன்றைக்கு அது உதவவில்லை. இவர்களோடா இத்தனை வருஷம் கொடுத்து வாங்கிப் பழகினேன் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். கடைசியில் தலைமையாசிரியைதான் எழுந்து, வகுப்புக் கதவைத் திறந்துவிட்டது நான், மேலிடத்தில் கேட்டால் நானே பதில் சொல்லிக்கொள்கிறேன், புதுக் கேள்வித்தாளில் வியாழக்கிழமை எழுதட்டும் என்றார். அத்தை இப்போது என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

நீ மனசை விட்டுவிடாதே, வீடியோ வேண்டும் என்றது நீ, பத்து மணிக்கு வைக்கச் சொன்னது நான், தப்பில் இருவருக்கும் பாதிப் பாதி. வேளாவேளைக்குச் சாப்பிடு, மருமகளையும் தூங்க விடு, மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். சுண்டு அன்றைக்கு, அந்த அக்கா ஏன் பென்சிலைப் பிடிச்சுக்கிட்டே கை தட்டுறாங்க என்று கேட்டானே, உனக்குப் படம் வரையப் போறாங்க என்று சொல்லிச் சிரித்தேன். அது தப்பு. நிஜத்தை அவனிடம் சொல். அடுத்த வருஷம் வீடியோ கிடையாது, நேரமும் நாம் சொல்லக்கூடாது, இதை மறந்துவிடாதே. வியாழக்கிழமை பரீட்சை என்று நானே போய்ப் பட்டாசிடம் சொன்னேன். குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துவிட்டு, அன்னிக்கு யாருக்கும் பொறந்தநாள் இல்லையேம்மா என்று கேட்டாள்.

இப்படிக்கு,
உன் அம்மா