கோட்டைக்குள் வேல்விழி

அன்பு மகன் பிரபாகரனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம் என்று எழுதித்தான் பழக்கம், அப்படியே வைத்துக்கொள். போலந்துக் குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. இங்கே தீபாவளி ஆர்டர் குவிகிறது, கம்பெனி வேன் விடியுமுன்னே தெருவில் ஹாரன் அடிக்கிறது. அந்தச் சத்தம் கேட்டால் உன் அம்மா இன்னமும் தூக்குச்சட்டியில் சோறு கட்டப் போகிறாள். பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிற செட் அறை வெடித்ததில் உன் தங்கச்சி வேல்விழி போய் வருஷம் ஆகப்போகிறது என்று சொல்லிக் கையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

நீ செய்த விளையாட்டைப் பக்கத்து வீட்டு ஓவியா என் போனில் ஏற்றிக் கொடுத்தாள். படமே இல்லை, வெறும் எழுத்தாக ஓடுகிறதே, இதற்கா இம்புட்டுப் படிப்பு என்று சிரித்தேன். பாளையக்காரர் காலத்துக் கோட்டைச் சிறை, நாம் எழுதுகிறபடி கைதிகள் தப்பிக்க வேண்டும் என்று அவள் விளக்கினாள். வெடிமருந்துக் கிடங்கு வந்ததும் என் கை தானாகச் செருப்பைக் கழற்று என்று எழுதிவிட்டது. புரியவில்லை என்றது. தீப்பிடித்தால் ஓட எல்லாக் கதவையும் திறந்து வை என்றேன், அதுவும் புரியவில்லையாம். பட்டாசுக்காரன் மகன் செய்த விளையாட்டுக்கு இதுகூடத் தெரியாதா என்று கோபம் வந்தது. கடைசியில் பார்த்தால் பந்தத்தைக் கொளுத்தி மருந்தில் வைத்தால்தான் சுவர் இடிந்து வழி பிறக்குமாம். மருந்து அறைப் பக்கம் தீப்பெட்டியை நினைக்கக்கூடப் பயப்படுகிறவன் நான், எப்படிலே கொளுத்துவேன்? அதிலும் கைதிகளில் ஒருத்திக்கு வேல்விழி என்று பேர் வைத்திருக்கிறாய். உரசினால் பொறி பறக்கும் என்று செருப்பை வாசலில் விட்டுத்தானே செட்டுக்குள் போவோம். போன வருஷம் அங்கே வரிசையாகக் கிடந்ததில் அவள் செருப்பை நான்தான் எடுத்து வந்தேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

உன் அம்மாதான் அதை எடுத்து என் கையில் திணித்தாள். “கொளுத்துங்க, பிள்ள வெளிய வரட்டும்” என்றாள். கொளுத்தினேன். சுவர் விழுந்தது. எல்லாருக்கும் முன்னால் வேல்விழி வெளியே ஓடி வந்தாள், மழையில் நனைந்துகொண்டு நிற்கிறாள் என்று எழுத்து வந்தது. அம்மா எழுத்துக்கூட்டி வாசித்தாள், திரும்பவும் வாசித்தாள், அழுதாள்.

“நான் ஊரில் இருந்திருந்தால் அவளை அந்த வேலைக்கு விட்டிருக்க மாட்டேன், எந்த முகத்தோடு வருவேன்” என்று ஓவியாவிடம் சொன்னாயாம். அம்மா சொல்லியே கேட்காதவள், நீ சொல்லியா கேட்டிருப்பாள்? மனசைப் போட்டு அரிக்காதே. புரட்டாசியில் அவளைக் கன்னித் தெய்வமாக வைத்துக் கும்பிட வேண்டும். கல்யாணமாகாமல் போன பிள்ளைக்கு அண்ணன் கையால் சேலை வைத்தால்தான் அவள் வீடு தங்குவாள். லீவு இல்லை என்று சாக்குச் சொல்லாதே, உன்னையும் பார்க்காமல் உன் அம்மா தாங்கமாட்டாள்.

குலசாமி உனக்குத் துணையிருக்கும். டிக்கெட் போட்டதும் அம்மாவுக்குச் சொல். விளையாட்டில் அடுத்து வேல்விழி வடக்கே போகவா, தெற்கே போகவா என்று கேட்கிறது. நாங்கள் ஒன்றும் எழுதவில்லை. எழுதினால் அவள் கிளம்பிப் போய்விடுவாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஊர்க்காவலன்