வலது மூலையில் ஈரமில்லை

ஜூலை 8

எங்கள் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணி இந்த வருடத்தின் முதல் ஆட்டத்தில் முப்பத்தொரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. "எங்கள்" என்று எழுதிவிட்டேன். நான் அங்கே படிக்கவில்லை, தரை துடைக்கிறேன். பரவாயில்லை. தோற்றவர்களை யாரும் சொந்தம் கொண்டாடுவதில்லை, அதனால் சண்டைக்கு வர மாட்டார்கள்.

ஆட்டத்தின் நடுவே விசில் ஊதும்போதெல்லாம் மாப்போடு ஓடி, வேர்வையைத் துடைத்துவிட்டுக் கோட்டுக்கு வெளியே வந்து உட்கார வேண்டும். இன்று பதினொரு தடவை ஓடினேன். அணியில் சிலர் அவ்வளவு ஓடவில்லை.

ஜூலை 9

இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது அம்மா. அம்மாவுக்கு அதே கல்லூரியின் விடுதிச் சமையலறையில் வேலை.

பத்தாம் வகுப்பில் ஒருநாள் டீச்சர் பாடத்தை எழுந்து வாசிக்கச் சொன்னார். எழுந்தேன். வாசிக்கவில்லை. மணி அடிக்கும்வரை நின்றேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அந்த மூன்றாம் நாள்தான் இரண்டு வருடமாக நடந்துகொண்டிருக்கிறது.

மாப் யாரையும் வாசிக்கச் சொல்வதில்லை. அதனால் எங்களுக்குள் ஒத்துப்போகிறது.

ஜூலை 16

இரண்டாவது தோல்வி. இருபத்தாறு புள்ளி. முன்னேற்றம்.

ஆட்டம் முடிந்ததும் பிரின்சிபால் வந்து கோச் மேடத்தோடு பேசினார். நான் பக்கத்தில்தான் மாப்பைப் பிழிந்துகொண்டிருந்தேன். தரை துடைக்கிறவளுக்குக் காது கிடையாது என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. எட்டு அணிகளில் இரண்டு வருடமாக எட்டாவது. இந்த வருடமும் எட்டாவதென்றால் அணியைக் கலைத்துவிட்டு, இந்த ஆட்ட ஹாலில் உடைந்த மேசை நாற்காலிகளைப் போட்டுவைப்பார்களாம். "அதுங்களாவது எங்கயும் போய்த் தோத்துட்டு வராது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் உறைத்தது. மேசைக்கு வேர்க்காதே.

ஜூலை 17

அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. உடனே சித்திக்கு போன் போய்விட்டது. சித்தி துணிக்கடை வைத்திருக்கிறார். ஹாலை மூடினால் நான் அங்கே போக வேண்டும். வாசலில் நின்று வாங்க வாங்க என்று கூப்பிட்டு, கலர் காட்டி, இது உங்களுக்கு எடுப்பா இருக்கும் என்று பொய் சொல்லி — நாள் முழுக்க. தெரியாத ஆட்களிடம்.

"நாலு பேர்கிட்ட பேசினாத்தான் அவளுக்கு வாய் திறக்கும்"னு சித்தி சொன்னாங்களாம். சித்தி வாய் திறந்தால் நாற்பது பேர் மூடிக்கொள்வார்கள்.

ஆக, என் தலையெழுத்து பன்னிரண்டு பெண்களின் கையில். பந்தே நிற்காத கை.

ஜூலை 24

தோல்வி. பத்தொன்பது.

மனசுக்குள் மூன்று பேருக்குப் பெயர் வைத்திருக்கிறேன். நெட்டை — கேப்டன். பந்து கிடைத்தால் இடது பக்கமாகவே ஓடி, மூன்று பேரை இடித்து, தானே எறிவாள். வக்கீல் — ஒவ்வொரு விசிலுக்கும் ரெஃப்ரியிடம் வாதாடுவாள். ஒரு கேஸ்கூட ஜெயித்ததில்லை. கொக்கு — முதலாம் ஆண்டு. வலது மூலையில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். முதல் ஆட்டத்தில் ஒரு பந்தை நழுவவிட்டாள், அன்றிலிருந்து நெட்டைக்கு அந்தப் பக்கம் கண் தெரிவதில்லை.

தரைக்கு மட்டும் எல்லாம் தெரியும். இடது பக்கம் குளம். வளையத்துக்குக் கீழே ஏரி. வலது மூலையில் ஒரு சொட்டு கிடையாது. அங்கே மாப் போடுவதை விட்டே மூன்று நாள் ஆகிறது. காய்ந்த தரையைத் துடைக்க எனக்கென்ன வேண்டுதலா?

ஜூலை 28

மாட்டிக்கொண்டேன்.

அந்த மூலைக்கு மேலே கூரைச் சுண்ணாம்பு உதிர்கிறது. ஒரு வாரத்தில் மாவு சலித்த மாதிரி படிந்துவிட்டது. கோச் மேடம் பார்த்துவிட்டார். மொத்த அணியும் நிற்க, "இந்த மூலையைத் துடைக்கத் தனியா ஆள் வருவாங்களாம்மா?" என்றார்.

தலையைக் குனிந்துகொண்டால் போதும், தானாக முடிந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். ஆனால் மேடம் நகரவில்லை. பதில் வந்தாக வேண்டும் என்று நிற்கிறார். எப்படி வந்ததோ —

"அங்க யாரும் வர்றதில்ல மேடம்."

"என்ன?"

"வேர்வையே விழல. ஒரே ஒரு ஜோடி ஷூ தடம்தான் இருக்கு. அதுவும் நகரல."

மேடம் குனிந்து பார்த்தார். வெள்ளைத் தூளில் இரண்டே தடம், போட்டோவுக்கு நின்ற மாதிரி பக்கத்தில் பக்கத்தில். ஒரு வாரப் பயிற்சி. எல்லோரும் கொக்கின் காலைப் பார்த்தார்கள். கொக்கு ஒரு காலை இன்னொரு காலுக்குப் பின்னால் மறைத்தாள்.

மேடம் திட்டவில்லை. "இனிமே இதைத் துடைக்காதே" என்றார்.

அவ்வளவுதான். வேலை போச்சு. வாயைத் திறந்ததுக்கு இதுதான் கிடைக்கும்னு எனக்குத் தெரியாதா?

ஜூலை 30

வேலை போகவில்லை. மூலைதான் போயிருக்கிறது. மேடத்தின் புது உத்தரவு: பந்தும் ஆளும் அந்தப் பக்கம் போய்ப் போய்ச் சுண்ணாம்பு முழுக்கக் கலைந்த பிறகுதான் அன்றைய பயிற்சி முடியும்.

நெட்டை என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும்.

ஆகஸ்ட் 6

தோல்வி. ஒன்பது. நெட்டை கொக்குக்கு நான்கு தடவை பந்து கொடுத்தாள், சொந்தப் பல்லைப் பிடுங்கிக் கொடுக்கிற முகத்தோடு.

ஆகஸ்ட் 13

ஜெயித்தோம். கை தவறி எழுதவில்லை. ஸ்கோர் போர்டு ரிப்பேரோ என்று இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

ஆகஸ்ட் 20

இரண்டே புள்ளியில் தோல்வி. கொக்கு பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். நெட்டை முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு தண்ணீர் பாட்டிலை மட்டும் அவள் பக்கம் நீட்டினாள்.

முப்பத்தொன்றில் தோற்றபோது நான் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினேன். இந்த இரண்டு ஏன் தொண்டையில் நிற்கிறது?

ஆகஸ்ட் 26

நாளை கடைசி ஆட்டம். எங்களுக்கு ஒரு வெற்றி, வருகிறவர்களுக்கும் ஒரு வெற்றி. தோற்பவர் எட்டாவது. ஊர் உலகமெல்லாம் முதலிடத்துக்கு அடித்துக்கொள்கிறது. நாங்கள் ஏழாம் இடத்துக்கு.

சித்தி எனக்காக ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டுவிட்டாராம்.

ஆகஸ்ட் 27

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பதினொரு விநாடி பாக்கி. ஒரு புள்ளி பின்தங்கி இருக்கிறோம். மேடம் டைம் அவுட் கேட்டார். நான் ஓடினேன். இடது பக்கம் துடைத்தேன், வளையத்துக்குக் கீழே துடைத்தேன், வந்து உட்கார்ந்தேன். எப்போதும் போல.

எப்போதும் போல. அதுதான் வினை.

ஆட்டம் தொடங்கியது. நெட்டையிடம் பந்து. கொக்கு வலது மூலைக்கு ஓடுகிறாள். அவள் போகிற இடத்தில் தரை பளபளக்கிறது. ஆட்டம் முழுக்க அவள் ஓடி ஓடிச் சிந்திய வேர்வை. நான் துடைக்கவில்லை. அந்த மூலைதான் என் கணக்கிலேயே கிடையாதே. மேடம் துடைக்காதே என்றது பயிற்சிக்கு மட்டும்தான். நாலு வாரமா அவங்க எல்லாரும் மாறிட்டாங்க, நான் மாறல.

அந்த வேகத்தில் கால் வைத்தால் முட்டி போய்விடும்.

"ஈரம்! நில்லு!"

யாரோ கத்துகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கப் போனேன். நான்தான்.

கொக்கு நின்றுவிட்டாள். ரெஃப்ரி விசில் ஊதினார். பந்து அப்போதும் நெட்டையின் கையிலேயே இருந்தது — அவளுக்கு முன்னால் ஒருத்தரும் இல்லை. எறிந்திருந்தால் விழுந்திருக்கும். ஹால் மொத்தமும் என்னைப் பார்த்தது. ரெஃப்ரி அந்த இடத்தில் காலை வைத்துப் பார்த்தார். ஒரு முழம் வழுக்கினார்.

அவ்வளவு பேர் பார்க்கத் துடைத்தேன். பத்தாம் வகுப்பில் நின்றதைவிட நீளமான நேரம். சித்தி வாங்கிய ஸ்டூல் என்ன நிறம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

ஏழு விநாடி. இந்தத் தடவை நெட்டை வலது பக்கம் திரும்பினாள். பந்து கொக்குக்குப் போனது. கொக்கு அங்கிருந்து போட்டுப் போட்டு, அந்த மூலையைப் பார்த்து இப்போது எதிரணிக்கும் பயம். மூன்று பேர் அங்கே பாய்ந்தார்கள். கொக்கு எறிந்தாள். வளையத்தில் பட்டு வெளியே வந்தது.

வளையத்துக்குக் கீழே ஒரே ஒரு ஆள். வக்கீல். தன்னை யாரோ தள்ளியதாக ரெஃப்ரியிடம் முறையிட்டுக்கொண்டிருந்தாள். பந்து அவள் கையில் வந்து விழுந்தது. திறந்த வாயை மூடாமலே போட்டாள்.

ஒரு புள்ளியில் ஜெயித்தோம். அவளுடைய முதல் கேஸ்.

நெட்டை நேராக என்னிடம் வந்தாள். அடிப்பாள் என்றுதான் நினைத்தேன்.

"இவ்வளவு சத்தத்தை வெச்சுக்கிட்டா இத்தனை நாள் சும்மா உக்காந்திருந்தே?"

மாப்பை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன். அன்றைய பங்குக்கு மேலேயே பேசியாகிவிட்டது.

ஆகஸ்ட் 28

ஏழாவது இடம். கோப்பை கிடையாது, மாலை கிடையாது. மேசை நாற்காலிகளுக்கு வேறு இடம் பார்க்கிறார்கள்.

செப்டம்பர் 10

மேடம் எனக்குக் கூடுதல் வேலை கொடுத்திருக்கிறார். பயிற்சியின்போது எந்த மூலை காலியாகக் கிடந்தாலும் நான் கத்த வேண்டும். பேச வேண்டியதில்லை என்றுதான் இந்த வேலைக்கு வந்தேன். சித்தி கடையே மேலோ என்று தோன்றுகிறது. அங்கே நடுநடுவே ஸ்டூலில் உட்காரலாம்.

இன்று வலது மூலையை மட்டும் நான்கு தடவை துடைத்தேன். தோள் கழன்றுவிடும் போலிருக்கிறது.

சாப்பிடும்போது அம்மா, "தொண்டை ஏன்டி கட்டியிருக்கு, தண்ணியில ஆடினியா?" என்று கேட்டார்.

"பேசிப் பேசிம்மா" என்றேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்புறம் இன்னொரு கரண்டி சோறு போட்டார். நான் கேட்கவே இல்லை.