துவைக்காத சட்டை

சாப்பிட்டுச்சான்னுதானே கேட்டே நிர்மலு, இல்லடா, நம்ம நாயி சால்னா இன்னும் சாப்பிடல. நீ மஸ்கட்ல சௌக்கியமா இருப்பேன்னு நெனச்சிக்கிறேன், நாங்களும் அப்படித்தான்னு எழுத கை வரல. போன் பண்ணாம பேப்பர்ல எழுதி போட்டோ எடுத்து அனுப்புறேனேன்னு பாக்காதே. போன வாரம் ஸ்பீக்கர்ல உன் குரல் கேட்டதும் அது போனைச் சுத்திச் சுத்தி மோந்து பாத்துது, அப்புறம் பாத்ரூம், கட்டிலுக்கு அடியில, மாடின்னு ஊடு பூரா தேடிட்டு கேட்டாண்ட போய் படுத்ததுதான். அண்ணனூர் ஸ்டேஷன்லேர்ந்து டிபன் பையில போட்டு தூக்கியாந்தியே, அந்தக் குட்டியா இதுன்னு கேப்பே, எலும்பா கீது.

தப்பு என்னுது. நீ கழட்டிப் போட்டுட்டுப் போன நீலச் சட்டை மேலதான் அது மூணு மாசமா படுத்துகினு இருந்துது, போகி அன்னிக்கு பழசை அள்ளும்போது கிழிஞ்ச துணின்னு நெனச்சி அதையும் நெருப்புல போட்டுட்டேன். எரிஞ்சி ஆறுனதும் அந்தச் சாம்பல் மேல போய் படுத்துது பாரு. உங்கம்மா சரசா, "இன்னா மனுசன்யா நீ, புள்ள வாசனைய கொளுத்திட்டியே"ன்னு சொன்னவதான், இன்னிய வரைக்கும் என்னோட பேச்சு இல்ல. ஒம்பது நாளாச்சு, தண்ணி மட்டும் நக்குது. முல்லைவாயில்ல நாய் டாக்டரம்மா தேவிப்பிரியா ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, உடம்புல கோளாறு இல்லீங்க, யாரையோ தேடுது, அவங்க போட்டிருந்த துணி ஏதாவது இருக்கான்னு கேட்டாங்க. எல்லாத்தையும் சரசா தொவைச்சி மடிச்சிட்டா. உன் ஹெல்மெட் ஞாபகம் வந்து ஓடிப்போய் எடுத்தாந்தேன். மூஞ்சிய உள்ள வுட்டு ரொம்ப நேரம் மோந்துது, வாலு ஒரு தடவை ஆடுச்சி, அப்புறம் தலைய எடுத்து என்னையே பாத்துது. நீ போனதுலேர்ந்து அதை நான்தாண்டா மாட்டிக்கினு வண்டி ஓட்டுறேன், உள்ள என் தலை நாத்தம்தான் கீது. பத்தாவதோட பள்ளிக்கூடத்தை வுட்டு ஓடி, பத்தொம்பது வயசுல உன்னைப் பெத்து, எதையும் நின்னு யோசிக்காமலே நாப்பதுக்கு வந்துட்டவன் நான், அந்தப் பார்வைய தாங்க முடியல.

வெள்ளிக்கிழமை பட்டாபிராம் லோகநாதன் மஸ்கட்லேர்ந்து லீவுல வர்றான். அதுவரைக்கும் ஒரே சட்டையோட வேலைக்குப் போ, தூங்கு, நாறட்டும், தொவைக்காம கவர்ல இறுக்கிக் கட்டி அவன் கையில குடு. முடிஞ்சா ரெண்டா குடு, ஒண்ணு போதும் அதுக்கு. வெள்ளி வரைக்கும் தாங்குமான்னு டாக்டரம்மா சொல்லல, நானும் கேக்கல. நீ நேரத்துக்குத் துண்ணு, ஜில்லு தண்ணி குடிக்காதே, நோய் நொடி இல்லாம நூறு வருசம் இருக்கணும் நீ. சட்டைய மறந்துடாதே. சால்னா எழுந்து நிக்கப் பாக்குது, காலு மடங்குது, நான் போவணும்.

உன் அப்பன்,
பரந்தாமன்