பெட்டிக்குள் நீங்கள்தானா, மச்சான்?

என் உயிரான மச்சானுக்கு,

ஸலாம் சொல்லித் தொடங்குகிறேன். மண்ணுக்குள், கபுரில் இருப்பவர்களுக்கும் ஸலாம் கேட்கும் என்கிறார்கள். அங்கே கிடப்பது நீங்கள் இல்லையென்றால் என் ஸலாம் யாருக்குப் போகிறது?

மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரித்தால் அப்படியே உங்கள் முகம். கல்முனைச் சந்தைக்குக் கூட்டிப் போனால், ஆமி ட்ரக்கைக் கண்டதும் என் கையைப் பிடித்து நிறுத்துகிறாள். "இதிலயா உம்மா வாப்பா வாறாரு?" என்று கேட்கிறாள்.

பாலமுனையில் உங்கள் உம்மா, மௌத்தானவர்களுக்கு ஓதுகிற கத்தத்தை உங்கள் பெயரில் ஓதிச் சோறு கொடுத்தார். எனக்கும் ஒரு தட்டு வந்தது. அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

சண்டையால் கடலுக்குப் போகத் தடை போட்டபோது கரைவலை மண்ணில் கிடந்து காய்ந்தது. வலை இழுத்த உங்களுக்கு வேறு தொழில் தெரியாது. ஆமியில் சேரப் போகிறேன் என்றபோது நான் அழுதேன். "மூணு நேரமும் சோறு, காலுக்குச் சப்பாத்து. கடல் எனக்கு ஒரு செருப்பாவது தந்திச்சா புள்ள?" என்று சிரித்தீர்கள். முதல் லீவில் வந்து அந்தச் சப்பாத்தோடு முற்றத்தில் நடந்து காட்டினீர்கள். தாரா தத்தித் தத்தி நடக்கிற மாதிரி இருந்தது.

பிறகு உங்கள் மையத்து என்று சொல்லி ஒரு பெட்டி வந்தது. ஆணி அடித்து, முத்திரை வைத்து. திறக்கக் கூடாது என்று கொண்டு வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். குளிப்பாட்டவில்லை, கபன் துணி சுற்றவில்லை, முகம் காட்டவில்லை. பெட்டியோடு தொழுவித்து அடக்கினார்கள். அடக்குகிற மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. நான் கதவோரம் நின்று பார்த்தது ஒரு பலகைப் பெட்டியைத்தான்.

அன்றே என்னை இத்தாவில் இருத்தினார்கள். புருஷனை இழந்தவள் இருக்க வேண்டிய நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, அந்நிய ஆண் கண்ணில் படாமல் அறைக்குள் இருந்தேன். அந்த நாட்களில்தான் சுனில் வந்தார். உங்களோடு ஒரே பங்கரில் இருந்த சிங்களச் சிநேகிதர் சுனில். ஒவ்வொரு லீவிலும் அவர் கதைதானே சொல்வீர்கள்?

வாசல் படலையில் நின்று, தெரிந்த தமிழில் என் கூடப்பிறந்த காக்காவிடம் சொன்னார். "நோனாகிட்ட கதைக்க வேணும். அவன் கடைசியா கதைச்சது எங்கிட்ட."

நோனா என்றது என்னைத்தான். அறைக்குள் எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது, மச்சான்.

"தங்கச்சி இத்தாவில இரிக்கா. ஆம்பிளையளோட கதைக்கேலா. அது முடிஞ்ச பிறகு வாங்க," என்றார் காக்கா. அவரையும் குறை சொல்லேலாது. ஆமிக்காரன் ஒருவன் வாசலில் நிற்பதை யார் பார்க்கிறார்களோ என்ற பயம் அவருக்கு. சுனிலுக்கு என்ன விளங்கியதோ. பிறகு சப்பாத்துச் சத்தம் தூரமாகப் போனது.

இத்தா முடிந்ததும் மௌலவியிடம் என் மூத்த ராத்தாவை விட்டுக் கேட்டேன். "திரைக்கு அங்கால நிண்டு கேட்டிரிக்கலாமே. மார்க்கம் அதைத் தடுக்கல்லியே," என்றாராம். இதை அன்றைக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை? யாரிடம் போய் நான் கேட்க?

முகாம் வாசலில் போய் நின்றேன். அந்த ஆட்களை வேறு இடத்துக்கு மாற்றியாயிற்று என்றார்கள். எங்கே என்று சொல்லவில்லை. அவருடைய ஊர்ப் பெயரை நீங்களும் ஒருநாளும் சொல்லவில்லையே.

அதனால்தான் இதைப் பேப்பரில் போடக் கொடுக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, பிழை இருக்கும். தமிழ் தெரிந்த யாராவது சுனிலுக்கு வாசித்துக் காட்டட்டும். இப்போது என் வீட்டுக்கு வரலாம் என்று சொல்லட்டும்.

ஐந்து நேரமும் தொழுது அல்லாஹ்விடம் உங்களுக்காக இரண்டு துஆ கேட்கிறேன், மச்சான். உங்கள் கபுரை விசாலமாக்கச் சொல்லி ஒன்று. எங்காவது உயிரோடு இருந்தால் வீட்டில் கொண்டு வந்து சேர்க்கச் சொல்லி ஒன்று. இரண்டையும் ஒரே வாயால் கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது. சுனிலைத் தேடிப் பிடிப்பேன். என்ன நடந்தது என்று அவர் வாயால் கேட்பேன். கேட்ட அன்றைக்கு ஒரு துஆவை விட்டுவிடுகிறேன். அதுவரைக்கும் இரண்டையும் விடமாட்டேன்.

உங்கள் மாமி மகள்,
உங்கள் பிள்ளையின் உம்மா